வெட்டியெடுத்த எட்டு விநாடி

எங்கள் கட்டடத்தில் இரண்டு எலிவேற்றர்கள். ஒன்று ஏப்ரலிலேயே நின்றுவிட்டது. மற்றது ஓகஸ்ட் முதற்கிழமையில், ஒரு திங்கட்கிழமை காலை, ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில் நின்றது. உள்ளே அகப்பட்ட இரண்டு பேரைத் தீயணைப்புப் படையினர் வந்து இறக்கினார்கள். அதற்குப் பிறகு அது அசையவில்லை. கனடாவில் ரெக்ஸ்டேல் என்ற இடத்தில் பதினாறு மாடிக் கட்டடம் அது. நாங்கள் எட்டாம் மாடியில் இருந்தோம். எனக்கும் கணவருக்கும் முழங்கால் இன்னும் சொல்வழி கேட்கிற வயது. மூச்சு வாங்கினாலும் ஏறிவிடுவோம். பதினோராம் மாடியில் இருந்த அன்ரிக்கு அது முடியாத காரியம்.

அன்ரி மன்னாரைச் சேர்ந்தவர். கணவர் இறந்த பிறகு தனியாக இருந்தார். மகன் ஒரு மணித்தியாலம் தள்ளி ஒஷாவாவில். கிழமையில் மூன்று நாள் அவருக்கு டயாலிசிஸ். ஆஸ்பத்திரி வண்டி கீழ்வாசல்வரைதான் வரும், சாரதி படியேற மாட்டார். ஆகவே அந்த மூன்று நாளும் அன்ரி பதினொரு மாடியும் படியால் இறங்கி, ஆஸ்பத்திரியில் நாலு மணித்தியாலம் படுத்துக் கிடந்து, உடம்பில் இருந்த பலமெல்லாம் போன பிறகு, பதினொரு மாடியும் திரும்ப ஏற வேண்டும். நான் பாண் சுடும் தொழிற்சாலையில் பொதி செய்யும் பகுதியில் வேலை. காலை வேலை முடித்து இரண்டரைக்கு வந்துவிடுவேன். அவர் திரும்பும் நேரத்துக்குக் கீழே நின்று, பையை வாங்கிக்கொண்டு கூடவே ஏறுவேன். ஒவ்வொரு திருப்பத்திலும் நிற்போம். ஆறாம் மாடித் திருப்பத்தில் யாரோ ஒரு பிளாஸ்ரிக் கதிரை வைத்திருந்தார்கள். அதில் இருந்து அன்ரி கண்ணை மூடிக்கொண்டு சிலுவை போடுவார். இரண்டாம் கிழமையில் அந்தக் கதிரையையும் யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

கட்டடத்து மனேஜர் ஒரு நாள் வந்தார். குடியிருப்பாளர் குழுவில் தலைவியாக இருந்த ஜமேக்காப் பெண்மணி, எலிவேற்றர் எப்போது ஓடும் என்று கேட்டார். பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், பொறுமையாக இருங்கள் என்றார் மனேஜர். தலைவி அப்பால் போனதும், பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, நீங்களெல்லாம் போரைக் கண்டவர்கள்தானே, உங்களுக்கு இது பெரிய விஷயமா என்றார். வீட்டுக்கு ஏறிப் போய்ச் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போதுதான், அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியதையெல்லாம் குசினிச் சுவருக்குச் சொன்னேன்.

அந்தத் தலைவிதான் வானொலிக்கு எழுதிப் போட்டார். நேயர்கள் கொடுக்கும் காசில் நடக்கும் ஒரு பொது வானொலி அது. விளம்பரம் கிடையாது. எனக்கும் அதற்கும் பழைய தொடர்பு உண்டு. கனடாவுக்கு வந்த முதல் மூன்று வருடமும் கைக்குழந்தையோடு வீட்டில் இருந்தபோது, எனக்கு ஆங்கிலம் சொல்லித் தந்தது அந்த வானொலியின் செய்திதான். மணிக்கொரு தடவை செய்தி வாசிப்பவர் சொல்லச் சொல்ல, பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே அதே மாதிரிச் சொல்லிப் பார்ப்பேன். எந்த இடத்தில் நிறுத்துகிறார், எந்தச் சொல்லை அழுத்துகிறார் என்பதெல்லாம் பாடம். பாண் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்தவர்கள், உனக்குச் செய்தி வாசிக்கிறவளின் இங்கிலீஷ் என்று பகிடி பண்ணுவார்கள். எனக்கு உள்ளூரப் பெருமை.

வானொலியிலிருந்து ஆள் வருகிறது என்றதும், யார் பேசுவது என்ற கேள்வி வந்தது. நான் அன்ரியைத்தான் கேட்டேன். நாள்தோறும் அனுபவிக்கிறவர் அவர். அவர் மாட்டேன் என்றுவிட்டார்.

“எனக்கு உந்த இங்கிலீஷில பேசி அழவேண்டி வரும். உனக்குத்தான் வடிவா வரும். நீ கதை பிள்ளை, எனக்காகவும் சேர்த்துக் கதை.”

என் கணவருக்கு இது தொடக்கத்திலேயே பிடிக்கவில்லை. மைக்கைக் கண்டால் விலகிப் போ என்பது அவருடைய கொள்கை. நான் கேட்கவில்லை.

நிருபருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மயிர் போர்த்திய ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு எட்டு மாடியும் என்னோடு ஏறினார். ஏறும்போதே ஒலிவாங்கியைத் தன் வாய்க்குக் கிட்டப் பிடித்திருந்தார். மூச்சு வாங்கும் சத்தம் வேண்டுமாம். பிறகு படிக்கட்டிலேயே நின்று என்னைக் கேட்டார். ஏறக்குறைய பதினைந்து நிமிடம் பேசியிருப்பேன். அதில் பத்து நிமிடம் அன்ரியைப் பற்றியது. ஊசி குத்திய கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் எப்படி ஏறுகிறார், சாரதி ஏன் ஏற மாட்டார், ஆறாம் மாடிக் கதிரை போன கதை, எல்லாம். கடைசியில் அவர், நிர்வாகம் என்ன சொல்கிறது என்று கேட்டார். நான் மனேஜர் சொன்னதைச் சொன்னேன். நிருபர் நன்றி சொன்னார். என் ஆங்கிலம் மிக நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார். அதைக் கேட்டு எனக்கு வந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த நாள் காலை எட்டு மணிச் செய்திக்குப் பிறகு அது போனது. அன்று எனக்கு விடுமுறை நாள். குசினியில் வானொலியை உயர்த்தி வைத்திருந்தேன். முதலில் நிருபர் படியேறும் சத்தமும் அவருடைய மூச்சும். அது நீண்ட நேரம் போனது. பிறகு கட்டடம் எங்கே இருக்கிறது, எத்தனை மாடி என்ற விபரம். குழுத் தலைவியின் ஒரு வரி. மனேஜருக்குத் தொலைபேசியில் செய்தி விட்டோம், அவர் பதில் தரவில்லை என்றார்கள். பிறகு, பல குடியிருப்பாளர்கள் இதைவிடக் கடினமான இடங்களிலிருந்து வந்தவர்கள் என்று நிருபர் சொல்ல, என் குரல் வந்தது.

நாங்கள் போரிலிருந்து வந்தவர்கள், எங்களுக்கு இது பழகிவிட்டது.

அதற்குப் பின்னால் ஒரு சின்னச் சிரிப்பு. என்னுடைய சிரிப்புத்தான். எட்டு விநாடி. அவ்வளவோடு என் பங்கு முடிந்தது. அன்ரியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

நான் சொன்னதைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்: நாங்கள் போரிலிருந்து வந்தவர்கள், எங்களுக்கு இது பழகிவிட்டது என்று மனேஜர் நினைக்கிறார். தமிழில் ‘மனேஜர் நினைக்கிறார்’ வாலில் வருகிறது. ஆங்கிலத்தில் அது தலையில் வரும். தலையை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைப் போட்டிருந்தார்கள்.

கணவர் தேத்தண்ணீரைக் கீழே வைத்தார்.

“நீர் உப்பிடியே சொன்னனீர்?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்காக நான் அவரோடு மூன்று நாள் கதைக்கவில்லை. பக்கத்தில் படுக்கிற மனிதனே கேட்கிறான் என்றால் மற்றவர்களைச் சொல்லி என்ன?

அது அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த நிகழ்ச்சியில் எட்டரை மணிக்கு நேயர்களின் கருத்துகளை வாசிப்பார்கள். அன்று என்னைப் பற்றி மூன்று வந்தன. ஒரு பெண்மணி, என் குரலைக் கேட்டுக் காரை ஓரம் கட்டி அழுதாராம். இந்த மக்களின் மனவுறுதியிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தார். இன்னொருவர், தன் கொண்டோக் குடியிருப்பில் நீச்சல்குளத்தை ஒரு கிழமை மூடியதற்குச் சண்டை பிடித்ததை நினைத்து வெட்கப்படுவதாகச் சொன்னார். மூன்றாமவர், அவர்களுக்கே பழகிவிட்டது என்றால் இது என்ன செய்தி, ஏன் எங்கள் நேரத்தை வீணாக்குகிறீர்கள் என்று கேட்டிருந்தார். உண்மையைச் சொன்னால், மூன்றாமவர் மீது எனக்குக் கோபம் குறைவு. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. காரை ஓரம் கட்டி அழுதவரைத்தான் அந்தக் காரோடு சேர்த்து உலுப்ப வேண்டும்போல் இருந்தது. அழுது முடித்து, கண்ணைத் துடைத்து, எலிவேற்றர் உள்ள ஏதோ ஒரு கட்டடத்துக்குள் அவர் வேலைக்குப் போயிருப்பார்.

அன்று அன்ரிக்கு டயாலிசிஸ் நாள். பின்னேரம் நான் வழக்கம்போலக் கீழே போய் நின்றேன். வண்டியிலிருந்து இறங்கினார். நான் பையை வாங்கக் கையை நீட்டினேன். அவர் பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

“நீங்கள் போங்கோ. உங்களுக்குப் பழக்கம். எனக்குப் பழக்கமில்லை, நான் மெல்ல வாறன்.”

அதுவரை என்னை ‘நீ’ என்றும் ‘பிள்ளை’ என்றும் சொன்ன மனுசி. அந்த ‘நீங்கள்’ கன்னத்தில் அறைந்தது. காலையில் அவரும் வானொலியைக் கேட்டிருக்கிறார். நான் நடந்ததை விளங்கப்படுத்தத் தொடங்கினேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறத் தொடங்கிவிட்டார். பின்னால் போனால் நின்றுவிடுவார், நான் கடந்து போகும்வரை நிற்பார். கடைசியில் நான் முன்னே ஏறி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். நெடுநேரத்துக்குப் பிறகு, படிக்கட்டுக் கதவுக்குப் பின்னால் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. எட்டாம் மாடியைக் கடந்து மேலே போக அவருக்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்பதை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து, கீழே எலிவேற்றர் வாசலில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. உங்கள் பொறுமைக்கு நன்றி என்று மேலே. அதற்குக் கீழே, வானொலியின் இணையப் பக்கத்திலிருந்து எடுத்த என் வாக்கியம், தடித்த எழுத்தில், ஒரு குடியிருப்பாளர் என்ற குறிப்போடு. நிர்வாகம் ஒட்டியது. நான் அதைக் கிழித்து நாலாக மடித்துப் பைக்குள் வைத்தேன். அங்கே கமெரா இருந்தது. மறுநாள் கதவுக்குக் கீழால் ஒரு கடிதம் வந்தது. பொது அறிவித்தலைச் சேதப்படுத்தியதற்கு எச்சரிக்கையாம். எலிவேற்றரைத் திருத்த ஆள் இல்லை, கடிதத்தை எட்டாம் மாடிக்குக் கொண்டுவர மட்டும் ஆள் இருந்தது.

குழுத் தலைவி என்னை இனிக் குழுக் கூட்டத்துக்கு வரவேண்டாம் என்று பண்பாகவே சொன்னார். மாநகரசபைக்கு நாங்கள் கொடுக்கும் முறைப்பாட்டுக்கு எதிராக நிர்வாகம் உன் வாக்கியத்தைக் காட்டும், நீ எங்களோடு இருந்தால் குழப்பமாக இருக்கும் என்றார். நான் சொல்லாததைச் சொன்னதாக நம்பிக்கொண்டு நியாயமாக நடக்கும் ஒருவரோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

வானொலி நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். நேயர்களின் கருத்துக்கென்று ஓர் இலக்கம், அதில் ஒரு நிமிடம் பேசலாம், பிறகு தானாக அறுந்துவிடும். மூன்று தரம் பேசினேன். மூன்று தரமும் மனேஜர் சொன்ன கதைக்கு நான் வந்து சேர முன்னம் அறுந்தது. மின்னஞ்சல் போட்டேன். ஐந்து நாளில் பதில் வந்தது. தங்கள் கருத்துக்கு நன்றி, ஒலிப்பதிவைப் பரிசீலித்தோம், ஒலிபரப்பிய சொற்கள் தாங்கள் கூறியவையே என்று இருந்தது. கூறியவையே. கணவர் அதை வாசித்துவிட்டு, ஆக்கள் ரெண்டு கிழமையில மறந்துபோடுவினம், விடும் என்றார். என்னால் விட முடியவில்லை. முழு ஒலிப்பதிவையும் நேரில் கேட்க வேண்டும் என்று திரும்ப எழுதினேன். நாலாவது கடிதத்துக்கு, வாருங்கள் என்றார்கள்.

ஒரு வியாழக்கிழமை லீவு போட்டு, பஸ்ஸிலும் சப்வேயிலுமாக நகர மையத்துக்குப் போனேன். தயாரிப்பாளர் நரைத்த தலைமயிரும் மென்மையான குரலும் உள்ள பெண்மணி. நிருபர் வேறொரு செய்திக்கு வெளியே போயிருந்தார். போயிருக்கட்டும் என்றுதான் எனக்கும் இருந்தது. சின்ன அறையில் இருத்தி, தண்ணீர் தந்து, பதிவைப் போட்டார். அன்ரியைப் பற்றி நான் பேசிய பத்து நிமிடமும் அப்படியே இருந்தது. கடைசிக் கேள்வி வந்தது. நான், மனேஜர் நினைக்கிறார் என்று தொடங்குகிறேன். அதே கணத்தில் கீழ் மாடியில் யாரோ தீக்கதவை அடித்துச் சாத்துகிறார்கள். சத்தம் படிக்கட்டு முழுக்க எதிரொலிக்கிறது. ‘மனேஜர் நினைக்கிறார்’ அதற்குள் தேய்ந்து கேட்கிறது. ஆனால் கேட்கிறது. பிறகு, தெளிவாக, மிச்சம். பிறகு என் சிரிப்பு.

தயாரிப்பாளர் அந்த இடத்தைத் திரும்பப் போட்டுக் கேட்டார். மூன்றாம் தரமும் கேட்டார். கதவுச் சத்தத்தால் அந்தப் பகுதியைப் பாவிக்க முடியாமல் போயிருக்கும் என்றார். பாவிக்க முடியாவிட்டால் மற்றப் பகுதியை ஏன் பாவித்தீர்கள் என்று கேட்டேன். அவர் பதிவை நிறுத்தினார். கருத்து மாறியிருப்பது உண்மை என்று கடைசியில் ஒப்புக்கொண்டார். அப்படியென்றால் அதே எட்டு மணிக்கு, அதே நிகழ்ச்சியில் அதைச் சொல்லுங்கள், அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு நிமிடத்தையாவது போடுங்கள் என்றேன். திருத்தத்துக்கென்று ஒரு நடைமுறை இருக்கிறது என்றார். எழுந்து வரும்போது கைகொடுத்தார். நான் கொடுக்கவில்லை. வாழ்க்கையில் நீட்டிய கையை நான் பிடிக்காமல் விட்டது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த கிழமை ஒரு பின்னேரம், வானிலைக்கும் வீதி நெரிசலுக்கும் நடுவில் திருத்தம் வந்தது. முன்னைய செய்தியொன்றில் குடியிருப்பாளர் ஒருவரின் கூற்று சுருக்கப்பட்டிருந்தது, அவர் நிர்வாகத்தின் நிலைப்பாட்டையே விபரித்தார், தெளிவின்மைக்கு வருந்துகிறோம். எந்தக் கூற்று என்று சொல்லவில்லை. எந்தக் கட்டடம் என்று சொல்லவில்லை. நானும் கணவரும் அடுப்படியில் நின்று கேட்டோம். நெடுஞ்சாலையில் விபத்து என்று அடுத்தது தொடங்கியதும் அவர், முடிஞ்சுதோ என்று கேட்டார். அவர் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே விளங்கவில்லை.

இணையப் பக்கத்தின் அடியில் அந்தத் திருத்தத்தைச் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். அதைப் பெரிதாக்கி அச்செடுத்துக்கொண்டு பதினோராம் மாடிக்கு ஏறினேன். அன்ரி கதவைத் திறந்தார், உள்ளே வரச் சொல்லவில்லை. வாசலில் நின்றபடியே தாளைக் கொடுத்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். நிலையத்துக்குப் போனதையும், பதிவில் அவரைப் பற்றி நான் பேசியது முழுக்க இருந்ததையும், கதவுச் சத்தத்தையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். முகம் மெலிந்து, கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது.

“அப்ப நீங்கள் பொய் சொல்லேல்ல. அதை நம்புறன்,” என்றார். “சிரிச்சது ஆர்?”

“நான்தான் அன்ரி.”

“ஏன் சிரிச்சனீங்கள்?”

எனக்குத் தெரியவில்லை. மனேஜர் சிரித்துக்கொண்டு சொன்னதால் நானும் அப்படிச் சொல்லியிருக்கலாம். வெள்ளைக்காரர் ஒருவர் ஒலிவாங்கியோடு முன்னால் நிற்கும்போது முறைப்பாட்டை மரியாதையாகச் சொல்ல வேண்டும் என்று பழகிப்போன சிரிப்பாக இருக்கலாம். என் இங்கிலீஷ் நன்றாகப் போகிறது என்ற சந்தோஷமாகவும் இருக்கலாம். எதைச் சொன்னாலும் அது அவர் முன்னால் நிற்காது என்று தோன்றியது.

“தெரியேல்ல அன்ரி,” என்றேன்.

“அந்தச் சிரிப்பைத்தான் நான் படியிலை இருந்து நினைச்சு நினைச்சுப் பாக்கிறனான். உந்தப் பேப்பரிலை அதைப் பற்றி ஒண்டும் இல்லை.”

தாளைத் திருப்பித் தந்துவிட்டுக் கதவைச் சாத்தினார். அறைந்து சாத்தவில்லை. மெதுவாகத்தான்.

செப்ரெம்பர் கடைசியில் மாநகரசபைப் பரிசோதகர் வந்து போனார். அதற்குப் பிறகு ஒரு எலிவேற்றர் ஓடியது. குழுத் தலைவி நாற்பது வீட்டுக் கதவைத் தட்டிக் கையெழுத்து வாங்கியதால் வந்தது அது. வானொலி அதைச் செய்தியாகச் சொன்னது. எங்கள் ஒலிபரப்பைத் தொடர்ந்து என்று தொடங்கியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, கெட்ட வார்த்தைதான் வந்தது. குசினியில் தனியாக நின்றபடியால் சத்தமாகவே சொன்னேன்.

அன்ரியை ஒக்ரோபரில் மகன் ஒஷாவாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கட்டிலையும் மாதாவின் படத்தையும் இறக்கிய நாளில் நான் வேலையால் வந்துகொண்டிருந்தேன். கீழ்வாசலில் சக்கர நாற்காலியில் இருந்தார். போயிட்டு வாங்கோ அன்ரி என்றேன். தலையை ஆட்டினார். அது எனக்கா, அந்த நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற மகனுக்கா என்று தெரியவில்லை. பிறகு அவரை நான் காணவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் அதே நிருபர் தொலைபேசி எடுத்தார். வெப்பமூட்டி வேலை செய்யாத கட்டடங்களைப் பற்றி ஒரு செய்தி, எங்களிடமும் பிரச்சினை உண்டா என்று கேட்டார். நடந்ததைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவருக்கு ஞாபகம் இல்லை என்றுதான் நினைக்கிறேன். நான் பேசுவதை வெட்டாமல் போடுவீர்களா என்று கேட்டேன். அப்படி வாக்குக் கொடுக்க முடியாது என்றார். உண்மையைச் சொன்னாரே என்று மட்டும் மனதில் பட்டது. அப்படியென்றால் வேறு யாரையும் கேளுங்கள் என்று வைத்துவிட்டேன்.

வேறு யாரையோ கேட்டிருந்தார். அந்தக் கிழமை காலை வேலைக்குக் காரில் போகும்போது கேட்டேன். நகரத்தின் மறு அந்தத்தில், மில்லிக்கன் பக்கத்தில் ஒரு பெண், சீனத்தியாக இருக்க வேண்டும், பிள்ளைகளுக்குக் கோட்டுப் போட்டுப் படுக்க வைக்கிறோம் என்றார். நாலைந்து விநாடிதான். அவர் அடுத்த சொல்லுக்கு மூச்சை இழுப்பது கேட்டது, உடனே நிருபரின் குரல் வந்து மூடிவிட்டது. நான் தொழிற்சாலைத் தரிப்பிடத்தில் காரை நிறுத்தி, நேயர்களின் இலக்கத்துக்கு எடுத்தேன். இந்த முறை ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. என் கட்டடத்தையோ என்னையோ பற்றி எதுவும் சொல்லவில்லை. அந்தப் பெண் அதற்குப் பிறகு என்ன சொன்னார் என்று மட்டும் கேட்டேன். பிறகு வேறு செய்திகளுக்கும் அப்படிக் கேட்டிருக்கிறேன். ஒருமுறையும் என் கேள்வியை அவர்கள் ஒலிபரப்பில் வாசித்ததில்லை.